ஐந்து விண்மீன்கள், ஒரே ஒளிப்புள்ளி: கிரகணமும் துடிப்பும் கலந்த தொகுதியைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009 முதல் 2013 வரை வானத்தின் ஒரே துண்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. சைக்னஸ், லைரா விண்மீன் குழுக்கள் இருக்கும் பகுதி அது. கோள்களைத் தேடுவதுதான் அதன் வேலை. ஆனால் அது கண்காணித்த விண்மீன்களில் சில, கோள்களைவிடச் சுவையான சிக்கல்களை வானியலாளர்களின் மேசையில் கொண்டுவந்து வைத்தன. கேஐசி 4150611 அவற்றில் ஒன்று. பழைய பட்டியலில் அதன் பெயர் எச்டி 181469. பொலிவெண் ஏறத்தாழ 8. (பொலிவெண் கூடினால் ஒளி மங்கல் என்று பொருள், வெறுங்கண்ணின் எல்லை 6.) இருட்டான இடத்தில் நல்ல பைனாகுலர் இருந்தால் பிடித்துவிடலாம்.

இந்த ஒளிப்புள்ளி நான்கு தனித்தனிக் கால ஒழுங்கில் மங்குகிறது: 94.2 நாள், 8.65 நாள், 1.52 நாள், 1.43 நாள். அது போதாதென்று, மங்காத நேரத்திலும் அதன் ஒளி நாளொன்றுக்கு இருபது முறை சுற்றளவில் மிக மெல்லிதாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் அடியில் இன்னும் மெதுவான ஓர் அலைவு.

2017இல் வெளியான விரிவான ஆய்வு இதை இப்படிப் பிரித்தது. நடுவில் பிரகாசமான எஃப் வகை (சூரியனைவிடச் சற்று வெப்பமான வகை) விண்மீன் ஒன்று, சூரியனைப் போல் 1.64 மடங்கு நிறை. துடிப்பது இதுதான். இதை 94.2 நாளில் சுற்றிவருவது ஒரு விண்மீன் அல்ல, ஒரு ஜோடி. மங்கலான இரண்டு சிறு விண்மீன்கள் தமக்குள் 1.52 நாளில் ஒன்றையொன்று சுற்றியபடியே பெரியதையும் சுற்றுகின்றன. இந்த மூன்றும் சேர்ந்தது 'ஏ'. சற்றுத் தள்ளி 'பி' என்று இன்னொரு ஜோடி: சூரியனைவிடக் கொஞ்சம் சிறிய இரண்டு விண்மீன்கள், 8.65 நாளில் ஒரு சுற்று. ஆக மொத்தம் ஐந்து. மிச்சமிருக்கும் 1.43 நாள் கிரகணம் 'சி' என்ற மங்கலான புள்ளியுடையதாக இருக்கலாம். அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேராத, பின்னணியில் வெகுதொலைவில் இருக்கும் பொருள்.

ஒரே புள்ளியாக வந்த ஒளியிலிருந்து இத்தனையையும் எப்படிக் கறந்தார்கள் என்பதை முதலிலிருந்து பார்ப்போம். வேலை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: எந்தக் கடிகாரம், அதாவது எந்தக் கால ஒழுங்கு, எந்த விண்மீனுடையது?

கிரகணம் தருவது நிறையும் ஆரமும்

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவை சுற்றும் தளத்தை நாம் ஏறத்தாழ விளிம்புப் பக்கமாகப் பார்க்க நேர்ந்தால், ஒரு சுற்றில் இரண்டு முறை ஒன்று மற்றொன்றை மறைக்கும். வெப்பம் கூடிய விண்மீன் மறையும்போது ஒளி அதிகமாகக் குறையும். அது முதன்மைக் கிரகணம். மற்றது துணைக் கிரகணம். இப்படி விளக்கும் எண்ணம் புதிதல்ல. பெர்சியஸ் குழுவிலுள்ள ஆல்கோல் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1 பொலிவெண்ணிலிருந்து 3.4க்கு மங்குவதை அளந்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை மறைப்பதாக இருக்கலாம் என்று வானியலாளர் ஜான் குட்ரிக் 1783இலேயே சொன்னார். ஆல்கோலிலும் மூன்றாவது விண்மீன் உண்டு. ஜோடியை அது சுமார் 680 நாளில் சுற்றுகிறது. விண்மீன் உலகத்தில் கூட்டுக்குடும்பம் அப்படியொன்றும் அபூர்வமில்லை.

கிரகணத்தின் ஒளிவரைவு (நேரம் போகப்போக ஒளி எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) மட்டும் இருந்தால் விகிதங்கள்தான் கிடைக்கும். கிலோமீட்டர் கணக்கு கிடைக்காது. அதற்கு நிறமாலை வேண்டும். 'பி' ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

ஜப்பானின் ஒகயாமா ஆய்வகத்தில் 1.88 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய நிறமாலைமானியால் இந்த ஜோடியின் வேகத்தை அளந்தார்கள். நம்மை நோக்கி வரும் விண்மீனின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வே வேகம். அதிலிருந்து கிடைத்த நிறைகள் 0.894, 0.888 சூரிய நிறை. பிழை எல்லை 0.010 மட்டுமே, அதாவது ஒரு விழுக்காடு சுற்றளவு. கூட்டினால் 1.782. கெப்ளரின் மூன்றாம் விதியைச் சூரிய அலகில் எழுதினால் கைக்கணக்காகவே போட்டுவிடலாம்: மொத்த நிறையை ஆண்டுக் கணக்கிலான சுற்றுக்காலத்தின் இருமடியால் பெருக்கினால், வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு ஓர் அலகு) தொலைவின் மும்மடி வரும். 8.65 நாள் என்பது 0.02368 ஆண்டு. 1.782 × 0.000561 = 0.0010. மும்மடி மூலம் 0.1. ஆக இரண்டுக்கும் இடையே சராசரியாக 0.1 வானியல் அலகு, அதாவது 1.5 கோடி கிலோமீட்டர்.

பாதையை வட்டம் என்று எளிமைப்படுத்திக்கொண்டால், ஒன்றை ஒப்பிட்டு மற்றொன்றின் வேகம் வினாடிக்கு 126 கிலோமீட்டர். ஆளுக்குப் பாதியாக 63. இந்த வேகத்துக்கு 500 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும் கோடு 0.1 நானோமீட்டர் நகரும். நல்ல நிறமாலைமானிக்கு அது பெரிய நகர்வு. இப்போது ஒளிவரைவுக்கு வாருங்கள். ஒரு விண்மீன் மற்றொன்றின் மையம் வழியே கடந்தால் கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையை இரண்டால் பெருக்கி வேகத்தால் வகுக்க வேண்டும். ஆரங்கள் 0.802, 0.856 சூரிய ஆரம். கணக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் காட்டும். உண்மையில் நடப்பது இதன் தலைகீழ்: நேரத்தைக் கெப்ளர் அளந்தது, வேகத்தை ஒகயாமா அளந்தது, ஆரம் விடையாக வந்தது. உண்மைப் பாதை நீள்வட்டம் என்பதால் வேகம் இடத்துக்கு இடம் மாறும். அதைக் கணினி மாதிரி கவனித்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் கண்ணில் பட வேண்டும். நிறையின் பிழை ஒரு விழுக்காடு. ஆரத்தின் பிழையோ ஐந்து விழுக்காடு. ஏன் இந்த வேறுபாடு? கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று பகுதியளவு மறைக்கும்போது, ஆரங்களின் கூட்டுத்தொகை உறுதியாகத் தெரியும், விகிதம் தெரியாது. ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கி மற்றதைக் கொஞ்சம் சிறிதாக்கினால் வரைவில் வித்தியாசமே தெரியாது. நிறை குறைந்த விண்மீனுக்கு ஆரம் கூடுதலாக மேலே வந்திருக்கிறதே, அதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். பிழை எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

மூன்றாம் ஒளி

பல விண்மீன் தொகுதியில் புதிதாக இறங்குபவர் முதலில் இடறும் இடம் இது. 'பி' ஜோடியின் ஒளி மொத்த ஒளியில் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கிரகணத்தில் அந்த ஜோடி தன் ஒளியில் 40 விழுக்காட்டை இழந்தாலும், நமக்குத் தெரியும் குறைவு வெறும் 4 விழுக்காடு. மீதி 90 விழுக்காடு பக்கத்து விண்மீன்களின் ஒளி, அதுதான் மூன்றாம் ஒளி. அது கிரகணத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் மாதிரியைப் பொருத்தினால், கணினி வருத்தப்படாமல் ஒரு விடை தரும்: சின்ன விண்மீன், அல்லது ஓரத்தை உரசிச் செல்லும் கிரகணம். இரண்டும் தவறு.

மூன்றாம் ஒளியின் அளவை ஒளிவரைவிலிருந்தே பிடுங்க முயல்வது வீண்வேலை. சுற்றும் தளம் நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணத்தோடு அது பின்னிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் அதே வரைவு திரும்ப வரும். வெளியிலிருந்து ஒரு சாட்சி தேவை. இந்தத் தொகுதிக்கு ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி உதவியது. அதன் கூர்மையான படங்களில் ஏ, பி, சி மூன்றும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தன. எது எவ்வளவு ஒளி தருகிறது என்று நேரடியாக அளக்க முடிந்தது.

துடிப்பு தருவது உள்ளே இருப்பது

'ஏ'யின் பெரிய விண்மீன் இரண்டு விதமாகத் துடிக்கிறது. நாளுக்கு இருபது முறை சுற்றளவில் துடிப்பது டெல்டா ஸ்கூட்டி வகை. இவ்வகை விண்மீன்களின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 6,500 முதல் 8,500 கெல்வின். துடிப்புக் காலம் 20 நிமிடம் முதல் சில மணி நேரம் வரை. மேற்பரப்புக்குக் கீழே வெப்பம் ஐம்பதாயிரம் கெல்வினைத் தொடும் ஆழத்தில், ஹீலியம் தன் இரண்டாவது எலக்ட்ரானை இழக்கும் அடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கு அமுங்கும்போது ஒளியை அதிகம் தடுக்கும். வெப்பம் உள்ளே சேரும். அழுத்தம் கூடி மேல் அடுக்கை வெளியே தள்ளும். விரிந்ததும் தடை தளர்ந்து வெப்பம் வெளியேறும், அடுக்கு திரும்ப இறங்கும். குக்கரின் வெயிட் ஏறி இறங்குவது போல இது தானே தன்னை ஓட்டிக்கொள்ளும்.

மெதுவான அலைவு காமா டொராடஸ் வகை. காலம் ஏறக்குறைய 0.3 முதல் 3 நாள். இங்கே திரும்ப இழுக்கும் விசை அழுத்தம் அல்ல, மிதப்பு. முதல் வகை விண்மீனின் வெளிப்பகுதியைப் பற்றிச் சொல்லும். இரண்டாவது கருவுக்கு அருகே வரை போய்வந்து அங்கே சுழற்சி எப்படி என்று சொல்லும். இரண்டும் ஒரே விண்மீனில் இருந்தால் கலப்புத் துடிப்பி என்பார்கள். அதுவும் கிரகணத் தொகுதிக்குள் அமைந்தால் யோகம்தான்.

துடிப்புக் காலத்துக்கும் சராசரி அடர்த்திக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காலத்தை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ மாறிலி. டெல்டா ஸ்கூட்டியின் அடிப்படைத் துடிப்புக்கு அது 0.033 நாள், அடர்த்தி சூரிய அலகில். நிறை 1.64, ஆரம் 1.5 என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் அடர்த்தி 0.486, வர்க்கமூலம் 0.697. காலம் 0.047 நாள், அதாவது 68 நிமிடம். நாளுக்கு 21 துடிப்பு. கெப்ளர் கண்ட வரம்புக்குள்ளேயே வந்து விழுகிறது. இதை வைத்து இன்ன அதிர்வெண்தான் அடிப்படைத் துடிப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டெல்டா ஸ்கூட்டி விண்மீன்களில் எந்த அதிர்வெண் எந்தத் துடிப்பு முறையுடையது என்று அடையாளம் காண்பது பெரிய தலைவலி. ஆரம் கிரகணத்திலிருந்து தனியாகத் தெரிந்தால் அந்தத் தலைவலி பாதி குறையும் என்பதால்தான் இப்படிப்பட்ட தொகுதிகளைத் தேடி அலைகிறார்கள்.

துடிப்பது யார்?

ஐந்து விண்மீனின் ஒளி கலந்து வருகிறது. துடிப்பு யாருடையது என்று எப்படிச் சொல்வது?

வெப்பநிலையே பெரும்பாலானவர்களைக் கழித்துவிடும். சூரியனைவிடக் குளிர்ந்தவற்றில் டெல்டா ஸ்கூட்டித் துடிப்பு வராது. அடுத்தது கிரகணச் சோதனை: துடிக்கும் விண்மீன் மறைக்கப்படும்போது துடிப்பின் வீச்சு குறைய வேண்டும், துணை மறைக்கப்படும்போது, நீர்க்கச் செய்யும் ஒளி குறைவதால், வீச்சு சற்றுக் கூட வேண்டும். ஒரு சிக்கல்: விண்மீனின் வட்டு முழுவதும் ஒரே நேரத்தில் உப்பிச் சுருங்காத துடிப்பு முறைகளும் உண்டு, பாதி ஏறும்போது பாதி இறங்கும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிரகணம் ஒரு பாதியை மூடியதும் அந்தச் சமநிலை உடைந்து, அதுவரை தெரியாத துடிப்பு திடீரெனத் தலைகாட்டும். வீச்சு கூடியதைப் பார்த்துவிட்டு 'துடிப்பது மற்றவர்' என்று எழுதிவிடக் கூடாது.

கேஐசி 4150611இல் இந்தச் சோதனை அவ்வளவாக எடுபடாது. 94.2 நாள் கிரகணத்தில் இரண்டு சிறு விண்மீன்கள் பெரிய வட்டின் குறுக்கே ஊர்கின்றன, அவ்வளவுதான். பெரும்பகுதி திறந்தே கிடக்கிறது. ஆனால் அந்தக் கிரகணத்தின் வடிவமே ஒரு காட்சி. கடக்கும் இரண்டும் தமக்குள் சுற்றிக்கொண்டே கடப்பதால் பள்ளம் ஒன்றல்ல. பள்ளங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கோணல்மாணலாக வரும். 94.2ஐ 1.52 முழுதாக வகுக்காது. எனவே அடுத்த முறை ஜோடி வேறொரு நிலையில் வந்து நிற்கும், வடிவமும் மாறும். கெப்ளரின் நான்கு ஆண்டில் இதற்கு 15 வாய்ப்புதான்.

இந்தத் தொகுதியில் தீர்ப்புச் சொன்னது தாமதம்.

எதிரெதிராக ஓடும் இரண்டு கடிகாரங்கள்

துடிப்பு சீரானது, அதனால் அது கடிகாரம். கடிகாரம் நம்மைவிட்டு விலகிப்போனால் அதன் ஒளி வந்துசேர அதிக நேரம் பிடிக்கும், துடிப்பு தாமதமாகத் தெரியும். எவ்வளவு தாமதம்? சிறு ஜோடியின் நிறையை 0.90 என்று வைத்துக்கொண்டால், மொத்த நிறை 1.64 + 0.90 = 2.54. காலம் 94.2 நாள். முன்பு போட்ட அதே விதியைப் போட்டால், துடிப்பிக்கும் சிறு ஜோடிக்கும் இடையே 0.55 வானியல் அலகு. இருவரும் பொது நிறைமையத்தைச் சுற்றுகிறார்கள். கனமானவர் பக்கத்தில், லேசானவர் தூரத்தில். துடிப்பியின் பங்கு 0.55 × 0.90 ÷ 2.54, அதாவது 0.196 வானியல் அலகு. ஒரு வானியல் அலகைக் கடக்க ஒளிக்கு 499 வினாடி வேண்டும். ஆகவே துடிப்பு 98 வினாடி வரை முந்தியும் பிந்தியும் வரும். 72 நிமிடத் துடிப்பில் 98 வினாடி என்பது ஒரு சுழற்சியில் 8 பாகை. கெப்ளரின் துல்லியத்துக்கு இது தாராளம்.

அதிர்வெண் வரைபடத்தில் இது வேறு முகத்தோடு வரும். ஒவ்வொரு துடிப்பு அதிர்வெண்ணின் இருபுறமும், சரியாக 1 ÷ 94.2 = 0.0106 தள்ளி, சிறிய பக்கக் கொம்பு முளைத்திருக்கும். நாளுக்கு 20 என்ற அதிர்வெண்ணுக்கு, ஒவ்வொரு கொம்பின் உயரமும் நடுக் கொம்பில் 7 விழுக்காடு. 2012இல் ஷிபாஹஷி, கர்ட்ஸ் என்ற வானியலாளர்கள் இருவரும் இந்த முறையை வகுத்தபோது செய்து காட்டிய விண்மீன்களில் இதுவும் ஒன்று. கொம்புகள் 94 நாள் இடைவெளியில் இருப்பதே, துடிப்பது 'ஏ'யின் பெரிய விண்மீன் என்பதற்குக் கையெழுத்து. 'பி'யில் யாராவது துடித்திருந்தால் 8.65 நாள் இடைவெளி வந்திருக்கும்.

இன்னொரு கடிகாரமும் இங்கே இருக்கிறது: சிறு ஜோடியின் 1.52 நாள் கிரகணங்கள். ஜோடி நிறைமையத்திலிருந்து 0.357 வானியல் அலகு தூரத்தில்; அதன் ஒளிப்பயணத் தாமதம் 178 வினாடி வரை. துடிப்பி நமக்குப் பின்பக்கம் போகும்போது ஜோடி முன்பக்கம் வரும். ஒரு கடிகாரம் பிந்தும்போது மற்றது முந்தும். இரண்டு தாமதங்களின் விகிதம் 98க்கு 178. அது அப்படியே நிறைகளின் தலைகீழ் விகிதம். நிறமாலையே எடுக்காமல் நிறை விகிதம்! கேட்கவே இனிக்கிறது, ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி. மூன்றாவது விண்மீன் இவ்வளவு அருகில் இருந்தால் அதன் ஈர்ப்பு ஜோடியின் சுற்றையே நெருடும். கிரகண நேரங்கள் ஒளிப்பயணத்தால் மட்டுமின்றி இந்த நெருடலாலும் நகரும், இரண்டும் ஒப்பிடத்தக்க அளவு. எல்லாவற்றையும் ஒளிப்பயணம் என்று எழுதினால் நிறை விகிதம் பிசகும். துடிப்புக் கடிகாரத்துக்கு இந்தக் கோளாறு இல்லை. அதனால் முதலில் அதையே நம்புங்கள்.

கையில் தரவு இருந்தால்

கெப்ளர், அதற்குப் பின் வந்த கோள் தேடும் விண்வெளித் தொலைநோக்கியான டெஸ் இரண்டின் தரவும் மாஸ்ட் ஆவணக் காப்பகத்தில் இலவசம். பைத்தான் தெரிந்தவர்கள் லைட்கர்வ் நிரல்தொகுப்பால் இறக்கலாம். வேலையின் வரிசை முக்கியம்.

முதலில் நேரம். பதிவிலுள்ள நேரம் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்தப்பட்டதா என்று பாருங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் மட்டுமே ஆண்டு முழுவதும் ±499 வினாடி வரை ஆட்டம் வரும். நாம் தேடும் 98 வினாடி அதில் மூழ்கிவிடும். விண்வெளித் தரவில் இந்தத் திருத்தம் செய்தே வருகிறது. சொந்தத் தொலைநோக்கிப் பதிவில் நாம்தான் செய்ய வேண்டும்.

அடுத்து ஆழமான, எளிதில் தெரியும் கிரகணத்தின் காலத்தைக் கண்டு, அந்தக் காலத்தில் ஒளிவரைவை மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பாருங்கள். இரண்டு பள்ளமும் ஒரே ஆழத்தில் இருக்கும் ஜோடிக்கு நிரல் பாதிக் காலத்தை விடையாகத் தரும். 'பி' போன்ற நீள்வட்டச் சுற்றில் துணைக் கிரகணம் சரியாக நடுவில் வராது. பாதிக் காலத்தில் மடித்தால் இரண்டு பள்ளமும் தள்ளித்தள்ளி நிற்கும், பிழை கண்ணுக்கே தெரியும். வட்டச் சுற்றாக இருந்தால்தான் ஏமாறுவோம்.

பிறகு கிரகண மாதிரியைக் கழித்து, மிச்சத்தில் ஃபூரியே பகுப்பாய்வு (கலந்த அலைவுகளை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு). மாதிரி சுமாராகப் பொருந்தியிருந்தால் சுற்று அதிர்வெண்ணின் மடங்குகளில் வரிசையாகப் போலிக் கொம்புகள் நிற்கும். துணை விண்மீனின் ஈர்ப்பு இழுவையால் எழும் உண்மையான துடிப்பும் அதே மடங்குகளில்தான் வரும் என்பதால் இந்தக் குழப்பத்தில் பலர் விழுந்திருக்கிறார்கள். கிரகணப் பகுதியை வெட்டி எறிவது சுலபம். ஆனால் தரவில் ஒழுங்கான ஓட்டைகள் விழுந்து ஒவ்வொரு துடிப்புக்கும் போலிப் பக்கக் கொம்புகளை உண்டாக்கும். நடைமுறையில் கழித்தல், துடிப்பைப் பொருத்துதல், அந்தத் துடிப்பை அசல் தரவிலிருந்து நீக்கி மீண்டும் கிரகணத்தைப் பொருத்துதல் என்று மாறி மாறி, எண்கள் நகராமல் நிற்கும்வரை செய்வார்கள். ஒரு கொம்பு உண்மையா என்பதற்குப் பழைய அளவுகோல், சுற்றிலுமுள்ள இரைச்சலைப் போல் நான்கு மடங்கு உயரம். விண்வெளித் தரவுக்கு ஐந்து வைத்தால் நிம்மதி.

ஒளிவரைவின் மெதுவான ஏற்ற இறக்கங்களை நீக்கித் தட்டையாக்கும் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். கோள் தேடுபவர்களுக்காக எழுதப்பட்ட அது, ஒரு நாள் நீளும் காமா டொராடஸ் அலைவைக் கருவியின் கோளாறு என்று நினைத்துத் துடைத்துவிடும். போதாததற்குக் கெப்ளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன்னைச் சுழற்றிக்கொள்ளும். விண்மீன் வேறு உணரிக்குப் போய் ஒளி அளவு குதிக்கும். அந்த இடைவெளி கிட்டத்தட்ட 94 நாளுக்கு அருகில் இருப்பது இந்தத் தொகுதியைப் படிப்பவர்களுக்கு வாய்த்த கெட்ட நேரம்.

பதிவு இடைவெளியும் ஏமாற்றும். கெப்ளரின் நீண்ட இடைவெளிப் பதிவு 29.4 நிமிடத்துக்கு ஒன்று. அதில் நாளுக்கு 24.5க்கு மேற்பட்ட அதிர்வெண் கண்ணாடியில் தெரிவதுபோல் மடங்கிவிடும். உண்மையில் 30 என்றால் 19 என்று தெரியும். எல்லைக்குள் இருந்தாலும் ஒளியை அரை மணி சேர்த்தே எண்ணுவதால், 72 நிமிடத் துடிப்பின் வீச்சு முக்கால் பங்காகச் சுருங்கும். ஒரு நிமிடப் பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள். டெஸ் தரவில் வேறு பிரச்சினை: ஒரு பிக்சல் 21 வில்வினாடி, கெப்ளருக்கு 4தான். அண்டை விண்மீன்கள் எளிதில் உள்ளே நுழைந்துவிடும். மேலும் ஒரு பகுதியை 27 நாள் மட்டும் பார்ப்பதால் 0.037க்குக் குறைவான அதிர்வெண் இடைவெளி பிரியாது, 0.0106 தள்ளி நிற்கும் பக்கக் கொம்பை அதில் தேடிப் பயனில்லை.

எடை போட்டதால் தீர்ந்த வழக்குகள்

செஃபீட் என்ற துடிக்கும் பெரு விண்மீன்களின் நிறையைப் பற்றிப் பல பத்தாண்டு வழக்கு ஒன்று இருந்தது. பரிணாம மாதிரி ஒரு நிறை சொல்லும். துடிப்பு மாதிரி அதைவிடச் சுமார் 20 விழுக்காடு குறைவாகச் சொல்லும். நம் பால்வீதியின் அண்டை மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஓகிள் என்ற வான் கண்காணிப்புத் திட்டம் கண்ட செஃபீட் 0227 ஒரு கிரகண ஜோடியில் இருந்தது: துடிப்பு 3.8 நாள், சுற்று 310 நாள். 2010இல் அதன் நிறை 4.14 சூரிய நிறை என்று ஒரு விழுக்காட்டுத் துல்லியத்தில் அளக்கப்பட்டபோது, துடிப்பு மாதிரி சொன்னதே சரி என்று தெரிந்தது.

இரண்டாண்டு கழித்து இன்னொரு வேடிக்கை. ஆர்ஆர் லைரே என்ற துடிக்கும் விண்மீன் வகையைப் போலவே 0.63 நாளில் துடித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கிரகணத்தை வைத்து எடை போட்டால் 0.26 சூரிய நிறைதான். உண்மையான ஆர்ஆர் லைரேக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். தன் பொருளைத் துணைக்குப் பறிகொடுத்துவிட்டு, வேறு வழியில் அதே வெப்பநிலைக்கு வந்து துடித்துக்கொண்டிருந்த விண்மீன் அது. ஒளிவரைவை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேடம் கலைந்திருக்காது.

சொந்தமாக ஒன்றைப் பார்க்க

ஐந்து விண்மீன் வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள். காசியோப்பியாவிலுள்ள ஆர்இசட் காசியோப்பியே கிரகணமும் டெல்டா ஸ்கூட்டித் துடிப்பும் சேர்ந்த ஜோடி, பொலிவெண் 6.2இலிருந்து 7.7க்கு இறங்கும். காலம் 1.195 நாள். கிரகணம் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. அதன் துடிப்பு 22 நிமிடத்துக்கு ஒருமுறை, வீச்சு நூற்றில் ஓரிரு பொலிவெண். கிரகணத்தைப் பைனாகுலரிலேயே பின்தொடரலாம். துடிப்புக்குச் சிறு தொலைநோக்கியும் கேமராவும் வேண்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாலை வானம் தோது. தமிழ்நாட்டிலிருந்து வடக்கே 30 பாகையைச் சற்றுத் தாண்டிய உயரம் வரைதான் ஏறும். தலைக்கு மேலுள்ளதைப்போல் இரண்டு மடங்கு காற்று குறுக்கே நிற்கும். எனவே ஒப்பீட்டு விண்மீனை அதே படச்சட்டத்துக்குள், முடிந்தவரை அதே நிறத்தில் தேர்ந்தெடுங்கள். நிறம் வேறுபட்டால் விண்மீன் இறங்க இறங்க ஒளிவரைவும் சாயும். ஒரு துடிப்புக்கு இருபது புள்ளியாவது விழ வேண்டும், ஆகவே புள்ளிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். குவியத்தைச் சற்றுத் தளர்த்தினால் பிரகாசமான விண்மீன் உணரியை நிரப்பாது, ஒளியும் பல பிக்சலில் பரவிச் சராசரியாகும். துடிப்பைத் தேடக் கிரகணம் இல்லாத மூன்று மணி நேரத்தை எடுங்கள். கிரகணத்தைப் பிடிக்க, ஐந்து சுற்றுக்கு ஒருமுறை, அதாவது ஆறு நாளைக்கு ஒருமுறை அது 34 நிமிடம் முன்னதாக வரும் என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் பழைய நேர அட்டவணையை நம்பி உட்காராதீர்கள். இந்த ஜோடியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொருள் பாய்ந்துகொண்டிருப்பதால் சுற்றுக்காலமே நகர்கிறது. கடைசி ஓரிரு ஆண்டில் பதிவான கிரகண நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.